நவம்பரில் பெய்யாத மழை

இஞ்சேருங்கோ,

முப்பத்தாறு வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். உங்கள் பெயரை வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒரு தடவை, மரண அறிவித்தல் அடிக்கிற பெடியனுக்கு எழுத்துக் கூட்டிக் கொடுத்தபோது. கடிதத்தை மட்டும் வேறு எப்படித் தொடங்குவது?

இதை எழுதி, மடித்து, உங்கள் படத்துக்குப் பின்னால் செருகிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் செய்த காரியம் பலர் நம்பி வாசித்த ஒரு தாளில் இருந்தது. அதனால் இதையும் பலர் வாசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உங்களுக்கு இது பிடிக்காது. வீட்டுக் கதை வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பீர்கள். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கோ.

உங்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினீர்கள். காற்று எந்த நேரம் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் அந்த உயரத்தில் இருக்க ஏலாது என்று சொல்லி, காற்றில் தொடங்கி மழைக்கு வந்தீர்கள். வானிலைத் திணைக்களம் சம்பளமில்லாத அவதானிப்பாளர்களுக்கு மழைமானி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, எழுதிக் கேட்டு வாங்கி, பாலையூற்றில் எங்கள் வீட்டுப் பின்வளவில் நாலு முள்ளுக்கம்பிக்கு நடுவில் அதை நட்டீர்கள். அன்றிலிருந்து முப்பத்தொரு வருடம், ஒவ்வொரு நாளும் காலை எட்டரைக்கு, முந்தின நாள் பெய்ததைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி மில்லிமீற்றரில் அளந்து எழுதினீர்கள். ஊரடங்கு நாளிலும் எழுதினீர்கள். உங்கள் அம்மா செத்த அன்று காலையிலும் எழுதிவிட்டுத்தான் அழுதீர்கள்.

திணைக்களம் கேட்டது மழையை மட்டும்தான். நீங்கள் கிணற்றையும் சேர்த்துக்கொண்டீர்கள். ஈயக் குண்டு கட்டிய நாடாவை விட்டு, கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பார்த்து, அதற்கு ஒரு தனிக் கொப்பி வைத்தீர்கள். ஏன் இரண்டு கொப்பி என்று ஒருநாள் கேட்டேன்.

"வானத்தால வந்தது ஒண்டில கிடக்கு. நிலத்துக்குள்ள போனது மற்றதில கிடக்கு," என்றீர்கள். "ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பார்த்தால்தான் கடலும் காத்தும் மண்ணும் என்ன கதைக்குது எண்டு விளங்கும்."

எனக்கு விளங்கியது வேறு. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு இரவு வெளியூரில் தங்கியதில்லை. யாழ்ப்பாணத்தில் என் தங்கச்சியின் கலியாணத்துக்கு வந்து, தாலி ஏறின கையோடு பஸ் ஏறினீர்கள், அடுத்த நாள் எட்டரைக்கு இங்கே நிற்க வேண்டுமென்று. பிள்ளைகளும் இல்லாத வீட்டில் அந்தத் தகர மானி எனக்கு மேல் ஒரு இடத்தில் இருந்தது. இதை உங்களிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

பிறகு உங்கள் ஈரலில் கட்டி என்றார்கள். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உங்கள் தம்பி லீவு போட்டு வந்து ஒரு பக்கம் நின்றார், நான் ஒரு பக்கம். ஐந்தாம் நாள் என்னைக் கிட்டக் கூப்பிட்டீர்கள்.

"நீர் வீட்ட போம். அங்க மானி பார்க்க ஆளில்லை."

"அது கிடக்கட்டும். நான் இஞ்ச நிக்கிறன்."

"ரெண்டு பேரும் நிண்டு என்னத்தைப் பார்க்கப் போறியள்? நவம்பர் தொடங்குது. எங்கட பக்கம் மழை எண்டால் இதுதான் மழை. இந்த மாசத்தை விட்டால் இந்த வருசமே இல்லை."

நான் தம்பியைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். உங்களோடு எதிர்த்துக் கதைத்து எனக்குப் பழக்கமில்லை. பஸ்ஸில் ஹபரணை வரும்வரை அழுதேன். சாகக் கிடக்கிற புருசன் பெண்சாதியைத் தன் கட்டிலடியிலிருந்து ஒரு வெறும் தகரத்துக்கு அனுப்பினால், அதை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருத்தி ஒன்றும் கேட்காமல் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்து அடுத்த நாளே மானியைத் திறந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எட்டு நாற்பதுக்குத் தம்பியின் போனில் நீங்கள்.

"எத்தினை?"

"பூச்சியம்."

ஒரு மூச்சுச் சத்தம். பிறகு போன் தம்பியின் கைக்குப் போய்விட்டது.

அடுத்த நாளும் பூச்சியம். அதற்கடுத்த நாளும். வானம் நீலமாக, துடைத்துவிட்ட பீங்கான் மாதிரிக் கிடந்தது. நவம்பரில் அப்படி ஒரு வானத்தை நான் கண்டதில்லை. ஒவ்வொரு நாளும் நீங்கள் கேட்பீர்கள், நான் பூச்சியம் என்பேன், அதோடு உங்கள் குரல் முடிந்துவிடும். ஒரு கிழமையில் உங்களிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஏழு "எத்தினை" மட்டும்தான். சாப்பிட்டீர்களா என்று கேட்கும்முன் போன் கைமாறிவிடும்.

எட்டாம் நாள் நான் பன்னிரண்டு என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது.

"பன்னிரண்டோ?" என்றீர்கள். உங்கள் குரல் எழும்பி உட்கார்ந்ததை நான் கேட்டேன். "அப்ப அந்தமான் பக்கம் ஒரு தாழமுக்கம் தொடங்கியிருக்கும். கடல் சூடேறிக் கிடக்கு, காத்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். இன்னும் வரும், பாரும். ஆனால் கிணறு உடன ஏறாது. காஞ்ச மண் முதல் மழையைத் தானே குடிச்சிரும். கிணத்தைப் பார்த்துப் பயப்படாதேயும்." பத்து நிமிடம் கதைத்தீர்கள். முடிவில், "நீர் சாப்பிட்டீரோ?" என்று கேட்டீர்கள். நான் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரம் தம்பி எடுத்தார். "அண்ணி, அண்ணை இண்டைக்குக் கஞ்சி முழுக்கக் குடிச்சவர். மழை எண்டு நர்ஸ்மாருக்கெல்லாம் சொன்னவர்."

அதற்குப் பிறகு நான் எப்படி நிறுத்துவது? நீங்களே சொல்லுங்கோ.

ஒருநாள் விட்டு ஒருநாள் மழை பெய்வித்தேன். எட்டு, பத்தொன்பது, மூன்று. வாயால் சொல்வதோடு விட்டிருக்கலாம். ஆனால் நீங்கள், "போன நாலு நாளையும் வாசியும்," என்று கேட்பீர்கள். சொன்னது மாறாமலிருக்க எழுதித்தான் ஆகவேண்டும். உங்கள் கையெழுத்துக்குக் கீழே, அதே கொப்பியில், நீல மையில் எழுதினேன். கிணற்றுக் கொப்பியில் மட்டும் உள்ளதை எழுதினேன். கிணற்றை நீங்கள் கேட்கவில்லை, அதனால் அங்கே பொய் சொல்லத் தேவை வரவில்லை. தண்ணீர் ஒவ்வொரு நாளும் கீழே போய்க்கொண்டிருந்தது.

அந்த நாட்களில்தான் பக்கத்து வளவு றவூப் நானா வேலியடியில் வந்து நின்றார். மூதூரிலிருந்து வந்து எங்களுக்குப் பக்கத்தில் குடியேறி இருபது வருடம். அவருடைய கத்தரியும் மிளகாயும் சுருண்டு கிடந்தன.

"தங்கச்சி, கிணத்துக்கு ஒரு சின்ன மோட்டர் போடலாமெண்டு இரிக்கன். ரெண்டு கிணறும் ஒரே ஊத்து. உங்கள்ட்டக் கேக்காமப் போட மனமில்ல."

"போடுங்கோ நானா. செடி பாவம்," என்றேன். மழையைப் பற்றி நான் கண்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

கடைசியாக நீங்கள் போன் எடுத்த காலை உங்களுக்கு நினைவிருக்கிறதா? இருபத்தாறு என்று சொன்னேன். "நல்ல மழை," என்றீர்கள். "இனிக் கிணறு ஏறும்." அவ்வளவுதான். அடுத்த நாள் மத்தியானம் தம்பி எடுத்தார்.

நான் உங்களுக்குப் பக்கத்தில் இல்லை. உங்கள் வாயில் தண்ணீர் வைத்தது நான் இல்லை. முப்பத்தாறு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் கடைசியாகக் கதைத்தது பெய்யாத ஒரு மழையைப் பற்றி.

நீங்கள் நம்பினீர்களா? காற்று முகத்தில் பட்டதுமே மழையைச் சொல்லுகிற மனிதர் நீங்கள். தம்பியின் கையில் போன் இருந்தது, அதில் வானிலை இருந்தது. தெரிந்துகொண்டுதான் என்னை வாசிக்கச் சொன்னீர்களா? இந்தக் கேள்வியோடுதான் நான் எழும்புகிறேன், படுக்கிறேன்.

எட்டுச் செலவுக் கிரியை முடிந்த மறுநாள் நவம்பர்ப் படிவத்தை எடுத்தேன். அனுப்பாமல் விட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முப்பத்தொரு வருடத்தில் ஒரு மாதம் கூட நீங்கள் அனுப்பாமல் விட்டதில்லை. கடைசி மாதம் மட்டும் விடுபடுவதை என்னால் தாங்க ஏலவில்லை. கொப்பியைப் பார்த்து எழுதி, தபாற்பெட்டியில் போட்டேன். நீங்கள் போன நாளிலிருந்து மானியில் கிடந்ததை மட்டுமே எழுதிவந்தேன். டிசம்பர் நடுவில் மழை வந்தது. நீங்கள் இல்லாத மழை.

ஒரு வருடம் தாண்டி, போன தை மாதம், நிரோஷினி என்ற பிள்ளை வந்தாள். பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். குச்சவெளியிலிருந்து இங்குவரை கரையோரமாக மழைக்கும் கிணற்றுக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கிறாளாம். உங்கள் இரண்டு கொப்பிகளையும் அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது, அவள் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தாள்.

"அன்ரி, இப்பிடி ரெண்டையும் ஒண்டா எழுதின ஆள் இந்தக் கரையில வேற இல்லை," என்றாள். "அங்கிளைச் சந்திக்காமப் போயிட்டன்."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் உங்களைப் புகழ்ந்துகொண்டிருந்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாசியில் திரும்பி வந்தாள், கணினியில் ஒரு படத்தோடு. மேலே மழை, கீழே கிணறு. மழை கூடினால் சில நாள் கழித்துக் கிணறு ஏறுகிறது, மழை நின்றால் இறங்குகிறது. முப்பத்தொரு வருடமும் ஒன்றின் பின்னால் மற்றது, தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளை மாதிரி.

"ஒரே ஒரு மாசம்தான் பிடிபடேல்லை," என்று விரலை வைத்தாள். "இந்த நவம்பர். மழை பெஞ்சிருக்கு. கிணறு இறங்கிக்கொண்டே போகுது. அப்ப தண்ணியை வேற ஆரோ எடுத்திருக்கினம். பக்கத்தில மோட்டர் எப்ப போட்டவை, அன்ரி?"

"அந்த மாசம்தான்," என்றேன். அது உண்மை. அந்த ஒரு உண்மையைச் சொன்னதில்தான் எல்லாம் பிழையாய்ப் போனது.

அவள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. சின்ன மோட்டர் ஒன்று அயல் கிணறுகளை எவ்வளவு வற்றச் செய்கிறது என்பதற்கு எங்கள் வளவை உதாரணமாக வைத்து ஓர் இடைக்கால அறிக்கை கொடுத்தாள். அது ஊர்த் தண்ணீர்க் குழுவின் கைக்கு வந்தது. அவர்கள் றவூப் நானாவுக்குக் கடிதம் அனுப்பினார்கள்: மோட்டரைக் கழற்ற வேண்டும்.

அவர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

"தங்கச்சி, எனக்கு ஒண்டு விளங்குதில்ல. அந்த மாசம் மழை இல்லயே? செடி காஞ்சதாலதானே நான் மோட்டர் போட்ட?"

அவர் கடிதத்தை விரித்துப் பிடித்தார்.

"இதுல எழுதியிரிக்கி, நல்லாப் பெஞ்ச எண்டு. எழுதினது உங்கட மனுசன்ட கொப்பி. அவர் பிழையா எழுதமாட்டார்." கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப எனக்குத்தான் மறதி வந்திரிக்கிபோல. வயசாகுதுதானே."

இஞ்சேருங்கோ, அந்த மனிதர் தான் கண்ட வானத்தை நம்பாமல் உங்கள் கொப்பியை நம்பினார். முப்பத்தொரு வருடம் நீங்கள் சேர்த்த நம்பிக்கை அது. அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

"உள்ள வாங்கோ நானா. இருங்கோ," என்றேன். பிளேன்ரி ஊற்றிக் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டுச் சொன்னேன். கண்டியிலிருந்து நீங்கள் என்னை அனுப்பியது, பூச்சியம், பன்னிரண்டு, கஞ்சி, எல்லாம். மறைக்க ஒன்றும் மிச்சமில்லாத அளவுக்குச் சொன்னேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவர் அந்த மழையக் கேட்டுச் சந்தோசப்பட்டாரா?"

"ஓம் நானா."

"ம்." எழும்பினார். "அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்க தங்கச்சி. எனக்கு மோட்டர் வேணும். ஆக்கள் என்னைத் தண்ணிக் கள்ளன் எண்டு கதைக்கிறாங்க."

அவர் போன பிறகு நிரோஷினிக்குப் போன் எடுத்தேன். முதலில் அவள் விளங்கிக்கொள்ளவில்லை. "எந்த நாள் பிழை, அன்ரி?" என்று கேட்டாள். மழை என்று எழுதின எல்லா நாளும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அழுதுவிடுவாள் போல இருந்தாள்.

"டவுன் நிலையத்தில அந்த மாசம் மழை பதியேல்லை. நான் பார்த்தனான். பாலையூத்தில மட்டும் பெஞ்சிருக்கும், அங்கிள் பிழையா எழுதமாட்டார் எண்டு விட்டிட்டன்." பேனையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "அன்ரி, நான் கேக்கத்தான் வேணும். வேற மாசமும் இப்பிடி எழுதினீங்களோ?"

"இல்லை."

"அதை எப்பிடி நான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். அவள் முடிக்கவில்லை என்றாலும் எனக்குக் கேட்டது.

திணைக்களத்துக்கு நானே கடிதம் எழுதினேன். பதில் வந்தது, மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். அந்த நவம்பர் நீக்கப்படுகிறது. நீங்கள் போன பிறகு நான் எழுதிய மாதங்கள் எல்லாமும், சரிபார்க்க வழி கிடைக்கும்வரை, ஒதுக்கி வைக்கப்படுகின்றன.

பூச்சியம் என்று நான் சொன்ன நாட்களையாவது வைக்கச் சொல்லி நிரோஷினியிடம் கேட்டுப்பார்த்தேன். அவை உண்மை. "ஏலாது அன்ரி," என்றாள். "ஒரே கையெழுத்து. எது உண்மை எண்டு ஆர் பிரிச்சுச் சொல்றது?"

அதனால் உங்கள் பதிவு இப்போது அக்டோபரோடு முடிகிறது. அதற்குப் பிறகு நீங்கள் உயிரோடு இருந்த அந்த ஒரு மாதம் வெறும் இடமாகக் கிடக்கிறது. உங்கள் கடைசி மாதத்தைக் காப்பாற்றத்தான் நான் அந்தப் படிவத்தை அனுப்பினேன். அனுப்பியதாலேயே அது இல்லாமல் போயிற்று.

நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். அறிக்கை திருத்தப்பட்டது. குழு மோட்டர்க் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டது. அந்த மாதத்துக் கிணற்று அளவு இப்போது நிரோஷினிக்குப் பெரிய சாட்சியாம். மழை வராத நவம்பரில் நிலத்துக்கடியில் தண்ணீர் எப்படிப் போகிறது என்று நாள் நாளாகக் காட்டுகிற கொப்பி இந்தக் கரையில் அது ஒன்றுதானாம். டவுன் நிலையத்தின் பதிவும் அதற்குப் பொருந்துகிறதாம், அதனால் அதை ஏற்றுக்கொண்டாள். அதை எழுதியதும் நான்தான்.

றவூப் நானா வேலியடியில் கண்டால் தலையாட்டுகிறார். முந்தி மாதிரி நின்று கதைப்பதில்லை. இந்த நோன்புக்கு அவர் வீட்டுக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இருபது வருடத்தில் இதுதான் முதல் தடவை. நான் குறை சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாயில்லை.

வருகிற மாதம் உங்கள் முள்ளுக்கம்பிக்குள் தானாக அளக்கிற கருவி ஒன்றைக் கொண்டுவந்து பூட்டப்போகிறார்கள். அதன் இலக்கம் நேரே நிரோஷினியின் கணினிக்குப் போகும், எனக்குத் தெரியவராது. அதற்குப் பக்கத்தில் உங்கள் மானியும் இருக்கும். நான் ஒரு வருடம் கையால் அளந்து எழுதி மாதாமாதம் அனுப்ப வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால், ஒதுக்கி வைத்த என் மாதங்களை ஏற்றுக்கொள்ளச் சொல்லித் திணைக்களத்துக்குத் தான் எழுதுவதாக அவள் சொன்னாள். நிச்சயமில்லை என்றும் சொன்னாள்.

சம்மதம் என்றேன். அறுபத்திரண்டு வயதில் ஒரு சோதனை எழுதப்போகிறேன்.

உங்கள் நவம்பரை நான் திருப்பித் தர ஏலாது. அதை நிரப்ப இனி முயலவும் மாட்டேன். ஆனால் இந்த ஒரு வருடத்தை உங்களுக்கு வாக்காகத் தருகிறேன். காய்ச்சலென்றாலும் புயலென்றாலும் எட்டரைக்கு அந்த இடத்தில் நிற்பேன். பெய்ததை எழுதுவேன். பெய்யாவிட்டால் பூச்சியம் என்று எழுதுவேன். அது எனக்கு இனிக் கஷ்டமுமில்லை. பூச்சியம் என்று சொன்னதும் மௌனமாகிப்போக, போனின் அந்தப் பக்கத்தில் இப்போது ஒருவரும் இல்லை.

உங்கள் பெண்சாதி,
யோகேஸ்வரி
பாலையூற்று